ராகு காலத்தில் மூன்றாவது சாட்சி

எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை முதலில் வரிசை மாறாமல் பதிவு செய்துவிடுகிறேன்.

ஒன்று. நான் பிறந்த மூன்றாம் நாள் என் தாய் என்னை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிட்டை அளந்து போட்டுத் திரும்ப வாங்கினாள். எனக்கு முன் பிறந்த இரண்டு பேர் தங்கவில்லை. தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையை எமன் சீந்த மாட்டானாம். அதற்குத் தோதாக ஒரு பெயரும் வைத்தார்கள். அந்தப் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன்.

இரண்டு. பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது என் முறை வந்தால் பின்பெஞ்சு முழுவதும் மாடு மாதிரிக் கத்தும். ஐந்து ஆண்டுகள் கத்தினார்கள்.

மூன்று. பதினெட்டு வயதில், கிடைத்த துண்டறிக்கைகளை எல்லாம் படித்துத் தெளிந்து, எரிதழல் என்று எனக்கு நானே பெயர் சூட்டிக்கொண்டேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடையில என்னமும் வச்சுக்க. சர்க்கார் ஏட்டுல மாத்திறாதடா. அந்தப் பேருதான் உன்னய உசுரோட வச்சிருக்கு."

நான் சிரித்தேன். மூடநம்பிக்கை! மறுவாரமே பெயர் மாற்றும் படிவம் வாங்கப் போனேன். அன்று அலுவலகம் விடுமுறை. அதன்பிறகு நாற்பத்திரண்டு ஆண்டுகளாக நேரம் கிடைக்கவில்லை. போராட்டங்கள் அதிகம்.

நான்கு. எங்கள் பகுத்தறிவுச் சங்கத்தின் தலைவர் பதவி எனக்கு வரவில்லை. நேற்று வந்த ஒருவருக்குப் போனது. அவர் வீட்டு வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்குகிறது. விசாரித்தால் வாடகை வீடு என்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வெள்ளிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. மகள் தென்றலின் பதிவுத் திருமணத்துக்கு மூன்று சாட்சிகளைக் கொண்டுபோய் நிறுத்துவது.

மாப்பிள்ளை கதிர் அவளே தேர்ந்தெடுத்த பையன். ஓசூரில் வேலை. நான் சாதி கேட்கவில்லை, ஜாதகம் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: நேரத்தை நான் குறிப்பேன்.

வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு. சுத்தமான ராகு காலம்!

"ஏங்க, பதிவு ஆபீசு அதிகாரியம்மா பன்னெண்டு மணிக்குச் சிவகங்கைக்கு மீட்டிங் போறாகளாம். இன்னையோட நோட்டீஸ் கெடுவும் முடியுது. கொஞ்சம் முன்னக்கூட்டி வச்சா என்ன?" என்றாள் என் மனைவி சொர்ணம்.

"கொள்கை" என்றேன்.

"சாட்சிக்கு நானும் கார்டு எடுத்துக்கிறவா?"

"சாட்சி என் பொறுப்பு. மூன்று பேரும் இரும்பு மனிதர்கள்."

அவளும் மகளும் மாப்பிள்ளையின் காரில் முன்னே போனார்கள். பத்தரைக்கு இரண்டு இரும்பு மனிதர்கள் என் வீட்டு வாசலில் இருந்தார்கள். கீழச்சிவல்பட்டி மாணிக்கம், ஓய்வுபெற்ற நடத்துநர். கொத்தமங்கலம் அய்யாவு, விவசாயி. மூன்றாமவர் இருளப்பன் திருப்பத்தூரிலிருந்து பஸ்ஸில் நேரே வந்துவிடுவதாக ஏற்பாடு.

ஆட்டோவில் ஏறினோம். ஏறிய மாணிக்கம் இறங்கிவிட்டார்.

"என்ன தோழர்?"

"மூணு பேராப் போறமே."

"போனால்?"

"எனக்கு ஒண்ணுமில்ல தோழர். வீட்ல சொல்லுவாக, மூணு பேராப் போனா காரியம் விளங்காதுன்னு. புள்ள கல்யாணமாச்சே."

"டிரைவரோடு நாலு பேர்!"

"அவரு கணக்குல வர மாட்டாரு. வண்டியோட சேத்தி."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "அப்ப நான் என்ன ஸ்டெப்னியாண்ணே?"

மாணிக்கம் குனிந்து தேங்காய் அளவுக்கு ஒரு கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அது நாலாவது ஆளாம். மூன்று மேடைகளில் என்னோடு தீ மிதித்துக் காட்டிய மனிதர்! கல்லோடு கிளம்பினோம்.

தெருமுனை டீக்கடையில் இருந்தவர் அன்பாகக் கை தூக்கினார். "எங்குட்டுக் கெளம்பிட்டீக தோழர்?"

"வண்டிய நிப்பாட்டு!" என்று கத்தினார் அய்யாவு. "போகையில எங்குட்டுன்னு கேட்டுப்புட்டான்."

"கேட்டால் கேட்கட்டும் தோழர்!"

"நீங்க போறதா இருந்தாப் போங்க. நான் எறங்கிக்கிறேன். வீட்டுக்குத் திரும்பி, உக்காந்து, தண்ணி குடிச்சிட்டுத்தான் கெளம்பணும்."

சாட்சி இறங்கினால் மகளுக்குக் கல்யாணம் இல்லை. திரும்பினோம். பூட்டைத் திறந்தேன். அய்யாவு உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். தனக்கும் கொடுங்கள் என்று மாணிக்கம் கேட்டார். கல்லுக்குக் கேட்கவில்லை, அந்த மட்டில் நிம்மதி.

மறுபடி கிளம்பினோம். டீக்கடைக்காரர் கையை மட்டும் தூக்கினார். வாயைத் திறந்தால் நடப்பதே வேறு என்று ஆட்டோக்காரர் வீட்டுக்குத் திரும்பும்போதே அவரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அலுவலகம் சேரும்போது பதினொன்றே முக்கால். மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். "அப்பா, இருளப்பன் மாமா எங்கப்பா?"

போன் போட்டேன்.

"திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுலதான் தோழர் நிக்கிறேன்!"

"இன்னுமா பஸ் வரவில்லை?"

"பஸ்ஸுக்கு என்ன, நாலு போயிருச்சு. பன்னெண்டு அடிக்கட்டும், ஏறிர்றேன். நீங்க குறிச்ச நேரம் அப்படி!"

ராகு காலம் முடியக் காத்திருக்கிறார். ராகு காலத்தை எதிர்த்து நான் எழுதிய துண்டறிக்கையைத் திருப்பத்தூர் சந்தையில் விநியோகித்தவர் அவர்தான்.

உள்ளே போனோம். அதிகாரி அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். "மூணு சாட்சி எங்க?"

மாணிக்கம் கையெழுத்துப் போட வசதியாகக் கல்லை மேசைமேல் வைத்தார்.

"இது யாரு?"

"நாலாவது ஆளுங்கம்மா."

அந்த அம்மா கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மூணாவது ஆளக் காட்டுங்க. இன்னும் பத்து நிமிசந்தான் இருக்கு. இல்லன்னா புது நோட்டீஸ், மறுபடி முப்பது நாள்."

கதிருக்கு முகம் வெளுத்துவிட்டது. "மாமா, அடுத்த லீவு பொங்கலுக்குத்தான்."

"வெளியே பத்திரம் எழுதுபவரைக் கூப்பிடலாமே" என்றேன்.

"பொண்ணு மாப்பிள்ளையத் தெரிஞ்ச ஆளா இருக்கணும். பொண்ணோட அப்பா நீங்கதானே? நீங்களே போடுங்க. அடையாள அட்டை?"

சட்டைப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். அட்டையில் இருப்பது அம்மா வைத்த பெயர். என் பக்கத்தில் நிற்பவர்கள் நாற்பது ஆண்டுகளாக என்னை எரிதழல் என்று அழைப்பவர்கள்.

"அட்டை... வீட்டில் இருக்கிறது" என்றேன்.

"எங்கார்டத்தான் வேணாம்னுட்டீக. உங்களது சட்டைப்பையில இருக்கு" என்றாள் சொர்ணம்.

இருந்தது. எந்த நேரத்தில் கைது செய்தாலும் அட்டை கையில் இருக்க வேண்டும் என்பது என் நாற்பதாண்டுப் பழக்கம். கடைசியாகக் கைதாகிப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. பழக்கம் மட்டும் போகவில்லை.

"அப்பா" என்றாள் தென்றல். அவ்வளவுதான் சொன்னாள். கண் நிரம்பியிருந்தது.

அவளுக்குப் பெயர் தேட நான் ஆறு மாதம் எடுத்துக்கொண்டேன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் யாரும் அந்தப் பெயருக்குக் கத்தக் கூடாது என்பதுதான் என் ஒரே நிபந்தனை.

அட்டையை எடுத்து நீட்டினேன். அதிகாரி அம்மா வாங்கிப் பார்த்தார். தந்தை பெயர் எரிதழல் என்றிருந்த படிவத்தைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"மனசுக்குள் வாசித்துக்கொள்ளலாமே" என்றேன் மெதுவாக.

"சாட்சிங்க பேரச் சத்தமாத்தான் வாசிப்பேன். சரின்னு அவங்கவங்க சொல்லணும்."

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மனைவி கணவன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அடிமைத்தனம் என்று நான்கு பக்கத் துண்டறிக்கை போட்டவன் நான். ஊர் ஊராகப் பேசியிருக்கிறேன். என் வீட்டில் மட்டும் அதை வற்புறுத்தியதில்லை. ரேஷன் கார்டைப் பார்த்த நாளிலிருந்து சொர்ணமும் வாய் திறந்ததில்லை. அதனால் எங்கள் வீட்டில் அந்த ஒரு மூடப்பழக்கம் முப்பது ஆண்டுகளாக நிம்மதியாக இருந்தது.

சொர்ணம் முன்னால் வந்து மேசையருகே நின்றுகொண்டாள்.

"நல்லாச் சத்தமா வாசிங்கம்மா. முப்பது வருசமா என் வாயாலதான் சொல்ல முடியல, காதாலயாச்சும் கேட்டுக்கிறேன்."

அதிகாரி அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார். மாணிக்கமும் அய்யாவும் நிமிர்ந்து நின்றார்கள்.

"மூன்றாவது சாட்சி, மணமகளின் தந்தை, எரிதழல் என்கிற... தவிட்டுச்சாமி!"