டோக்கன் அக்கா சொன்ன நன்றி

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் டோக்கன் அக்காவிடம் திட்டு வாங்காதவர்கள் இரண்டே வகை. ஒன்று, இன்னும் பிறக்காதவர்கள். இன்னொன்று, காது கேட்காதவர்கள். காது கேட்காதவர்களைக் கையை ஆட்டித் திட்டுவாள் என்பதால் அந்த வகையையும் அடித்துவிடலாம்.

அவள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கும். எனக்குத் தெரியாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் புற்றுநோய்க் குடும்பங்களுக்கு இலவச முகாம் நடக்கிறது. டாக்டர் வருவார். மருந்து, சத்துமாவு, மதியச் சாப்பாடு எல்லாம் உண்டு. ஊசி மருந்து ஏற்ற வேண்டியவர்களைத் திங்கள்கிழமைகளில் ஒரு வேன் மதுரைக்குக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடும். அந்த முகாமில் வரிசை எண் கொடுக்கிறவள்தான் அக்கா. மில்லில் நூல் சுற்றும் பிரிவில் முப்பது வருஷம் நின்று வேலை பார்த்தவள். மிஷின் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டை. ரகசியம் சொன்னாலும் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்.

டோக்கன் என்றால் காகிதம் இல்லை. மில்லில் நூல் சுற்றும் காலி அட்டைக் கோன். அதில் கறுப்புப் பெயிண்டால் எண் எழுதியிருப்பாள்.

“சீட்டுக் குடுத்தா கசக்கிப் போடுதிய. இல்லன்னா தொலச்சிட்டு எங்கிட்ட வந்து முழிக்கிய. இத எங்கிட்டுப் போயித் தொலப்பிய?”

அறுபது பேர் ஆளுக்கொரு கோனைப் பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பதை முதல்முறை பார்த்தபோது, யாரோ வந்து ஐஸ்கிரீம் வைக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

முதலில் வந்தவனுக்கு முதல் எண் என்பது அவளிடம் செல்லாது. தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு முதல் எண். கூமாப்பட்டிக்காரர் பத்து மணிக்கு வந்தாலும் முன்னால் போவார். உள்ளூரில் காரில் வந்தவர்கள் கடைசி. ஒருமுறை ஒரு மில் முதலாளி, அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு ஏழு மணிக்கே வந்து நின்றார். பதினொரு மணி வரை பொறுத்தார். பிறகு அக்கா முன்னால் போய் நின்றார்.

“நான் யாருன்னு தெரியுமா?”

“தெரியும். நாப்பத்தொண்ணு. போயி உக்காருங்க.”

அவர் அம்மா சிரித்துவிட்டார். அதனால் முதலாளி உட்கார்ந்துவிட்டார்.

இன்னொரு சட்டம், மண்டபத்துக்குள் யாரும் யாரிடமும் “எந்த ஸ்டேஜ்?” என்று கேட்கக் கூடாது. கேட்டால் சமையல்கட்டில் உட்கார்ந்து ஒரு படி சின்ன வெங்காயம் உரிக்க வேண்டும். இது எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் நாளே சுந்தரபாண்டியத்துக்காரர் ஒருவரிடம் கேட்டுத் தொலைத்தேன். அக்கா முறத்தோடு வந்து நின்றாள்.

“ஏலே தம்பி, இங்க வாடே. அவர் ஸ்டேஜத் தெரிஞ்சுக்கிட்டு நீ என்ன செய்யப் போற? வெங்காயத்த உரி. எல்லார் சாம்பாருக்கும் ஆகும்.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் நான். என்னை ஒருவன் அதட்டினால் ஸ்பானரைத் தூக்குவேன். அன்று உரித்தேன். உரித்து முடித்து நிமிர்ந்தால், எதிரே முறத்தோடு ஒரு டாக்டர் உட்கார்ந்திருந்தார். ஊருக்குப் புதியவர். அவரும் கேட்டிருக்கிறார்.

“சார், நீங்க கேக்கலாமே” என்றேன்.

“சத்தமாக் கேட்டுட்டேனாம்” என்றார்.

நான் அங்கே போனது என் மனைவி வசந்தாவுக்காக. மார்பில் கட்டி. ஆறு முறை ஊசி மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். நாலு ஆயிற்று. அந்த நாலுக்குள் முடி போயிற்று, பசி போயிற்று, பேச்சும் பாதி போயிற்று. வேனில் கணவன்மாருக்கு இடம் கிடையாது. “ஆம்பளையள் வந்தா அழுது காரியத்தக் கெடுக்காக” என்று அக்கா மட்டும்தான் எல்லோருக்கும் துணையாகப் போவாள். நாலாவது முறை வசந்தா திரும்பி வந்ததும், “போதும். இனிப் போக மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். கெஞ்சினேன். கத்தினேன். தட்டை எறிந்தேன். தட்டுதான் நெளிந்தது.

அந்த ஐந்தாவது ஊசிக்கு முந்தின நாள்தான் முகாமின் வருடக் கடைசி நன்றி விழா. “சாப்பாடு இருக்கு, சும்மா வந்து சாப்ட்டுப் போ” என்று அக்கா போனில் சொன்னதால் வசந்தா கிளம்பினாள். நானும் இதை விட்டால் வேறு வழியில்லை என்று கூட்டிப்போனேன்.

முகாம் செயலாளர் நல்ல மனிதர். ஆனால் போட்டோ என்றால் அவருக்கு ஒரு வியாதி. நோயாளிகள் மேடையேறி, நன்கொடையாளர் கையால் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கி, கேமராவைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியதையும் அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். வசந்தா கையிலும் ஒரு தாள். ‘இவர்கள் இல்லையென்றால் இன்று நான் இல்லை.’

அவள் இரண்டு முறை படித்தாள். மடித்து அவரிடமே கொடுத்தாள்.

“நாளைக்கு ஊசிக்கே நான் போகப் போறதில்ல. இத வேற யாருக்காவது குடுங்க.” என் பக்கம் திரும்பி, “வாங்க, வீட்டுக்குப் போவோம்” என்று தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அந்தச் செயலாளரை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் அக்கா வந்தாள். அவர் கையிலிருந்த தாள்களை மொத்தமாகப் பிடுங்கி இடுப்பில் செருகினாள். மேடையில் இருந்த சிறப்பு விருந்தினர் கையில் ஒரு கோனைக் கொடுத்தாள். அறுபத்திரண்டு. “நீங்க கார்ல வந்தவிய. செத்த நேரம் கீழ உக்காருங்க” என்றாள். அந்த மனிதர் பொன்னாடையும் கோனுமாக இறங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அக்கா மைக்கைப் பிடித்தாள். அவளுக்கு எதற்கு மைக் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

“வருஷாவருஷம் நீங்க நன்றி சொல்லுதிய. இந்த வருஷம் நான் சொல்லுதேன். கூமாப்பட்டி மாரியப்பன். ரெண்டு பஸ் மாறி வந்திய. ஒரு மாசம்கூட விடல. வந்ததுக்கு நன்றி. சுந்தரபாண்டியம் பெரியவரே, டாக்டர் கேட்டதும் பீடி குடிக்கத நெசமா ஒத்துக்கிட்டிய. நன்றி. பொறவும் குடிச்சிய. அதுக்கு நன்றி கெடையாது. மேரி அக்கா, சத்துமாவு வாயில வைக்க வெளங்கலன்னு மூஞ்சிக்கு நேரச் சொன்னிய. மாத்திட்டோம். நன்றி.”

மண்டபம் சிரித்தது. போட்டோக்காரன் எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றான். வசந்தா வாசலுக்குப் போகாமல் தூண் பக்கத்தில் நின்றாள்.

“ஸ்ரீவில்லிபுத்தூர் வசந்தா. பின்சீட்டுக் குலுக்கல்ல நாலு தடவ போயிட்டு வந்தா. வாந்தி எடுத்த எடத்த நாலு தடவையும் அவளே கழுவி விட்டுட்டுத்தான் எறங்குனா. நன்றி.” அக்கா குரலைக் குறைத்தாள். அதாவது பஸ் ஸ்டாண்டு வரை கேட்கவில்லை. “ஏட்டி, நாளைக்கு வாரதும் வராததும் ஒன் இஷ்டம். முன்சீட்டு ஒனக்குன்னு வச்சிட்டேன். நீ வரலன்னா அது காலியாத்தான் மதுரைக்குப் போகும். வேற ஒருத்தரும் அதுல உக்கார மாட்டாக.”

அவ்வளவுதான். அடுத்த பெயருக்குப் போய்விட்டாள்.

வசந்தா திரும்பி வந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டில் இரண்டாவது முறை ரசம் வாங்கினாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “காலைல நாலரைக்கு எழுப்பி விடுங்க” என்றாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை நாள் நான் கத்திக் கேட்காதவள், ஒரு சீட்டுக்குக் கேட்கிறாளா? ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கெடுத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

திங்கள்கிழமை சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியவள் சோர்ந்துதான் இருந்தாள். வாந்தி இல்லை என்றாள். வீட்டுக்கு நடக்கும்போது அவளாகவே சொன்னாள்.

“அந்த முன்சீட்டு அக்கா சீட்டுங்க. அவிய அத யாருக்கும் விட்டதில்ல. வேன்ல வேற எடம் ஏது? போகையிலயும் வரையிலயும் டிரைவர் பக்கத்துல எஞ்சின் பெட்டி மேல உக்காந்திருந்தாவ. கொதிக்கிது அது. கேட்டா குளிருக்கு நல்லாத்தான் இருக்குங்காவ.”

ஆறாவது ஊசிக்குப் போகிற அன்று, கடையில் கிடந்த கோணிச்சாக்கை நாலாக மடித்து, நடுவில் பழைய கம்பளியை வைத்துத் தைத்து, வசந்தாவோடு வேன் புறப்படும் ராஜபாளையத்துக்கே எடுத்துப் போனேன். யாரும் ஏறுவதற்கு முன்னால் எஞ்சின் பெட்டி மேல் போட்டுவிட்டு, தள்ளிப் போய் டீக்கடையில் நின்றுகொண்டேன். அக்கா ஏறினாள்.

“எவம்லே இங்கன சாக்கக் கொண்டாந்து போட்டது?”

வசந்தா முன்சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா தெருவை ஒருமுறை முறைத்தாள். பிறகு அதை இரண்டு கையாலும் தட்டிச் சரிசெய்து, அதன் மேல்தான் உட்கார்ந்தாள்.