சைட்டோகுரோமுக்கு நின்ன வரிசை

இன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதாங்க. சைட்டோகுரோம்னா என்னன்னு பசங்களுக்குப் புரிய வைக்கணும்.

நான் அடி அண்ணாமலை பக்கத்துல ஒரு காலேஜ்ல உயிர்வேதியியல் மேடம். தற்காலிக மேடம். பதினோரு மணிக்கு பிரின்சிபால் வந்து பசங்களைக் கேள்வி கேப்பார். அவங்க பதில் சொன்னாதான் அடுத்த வருஷமும் எனக்கு வேலை. பத்து நாளா உக்காந்து படமெல்லாம் போட்டு வெச்சிருந்தேன்.

பத்தரைக்கு கரண்ட் போச்சு!

புரொஜெக்டர் இல்ல, ஃபேனும் இல்ல. அப்பதான் என் மூளை வேலை செஞ்சுது. செஞ்சிருக்கக் கூடாது.

"எல்லாரும் வெளிய வேப்பமரத்தடிக்கு வாங்க, நடிச்சே காட்டிடலாம்"னேன்.

ஆறு பேரை வரிசையா நிறுத்தினேன். அஞ்சு பேர் கழுத்துல அட்டை. சைட்டோகுரோம் பி, சி ஒண்ணு, சி, ஏ, ஏ மூணு. கடைசியில நின்ன லோகேஷ்தான் ஆக்சிஜன். கேன்டீன்ல வாங்கின ஒரே ஒரு எலுமிச்சம்பழம், எலக்ட்ரான்.

"சைட்டோகுரோம்னா இரும்பு வெச்ச புரதம். எலக்ட்ரானை வாங்கும், பக்கத்துல இருக்கறதுக்குக் குடுத்துடும். தனக்குன்னு வெச்சுக்காது. கைமாறிக் கைமாறி ஆக்சிஜன்கிட்ட போனா தண்ணி ஆயிடும். இதுலதான் உடம்புக்குத் தெம்பே கிடைக்குது."

ஒண்ணு மறந்துட்டேன். இன்னைக்கு பௌர்ணமி. கேட்டுக்கு வெளிய கிரிவலப் பாதை. இந்த ஊர்ல பௌர்ணமி அன்னைக்கு நாலு பேர் வரிசையா நின்னா, அஞ்சாவதா வர்றவர் முதல்ல நிப்பார், அப்புறம்தான் எதுக்குன்னு கேப்பார்.

நான் பேசி முடிக்கறதுக்குள்ள ஆரணியில இருந்து வந்த ஒரு அம்மா, லோகேஷ் பின்னாடி நின்னுட்டாங்க.

பழம் கைமாறி லோகேஷ்கிட்ட வந்துச்சு. "தண்ணி!"ன்னு கத்தி வாட்டர் பாட்டிலைத் தூக்கினான். அந்தம்மா உடனே உள்ளங்கையைக் குழிச்சு நீட்டினாங்க. அவன் மரியாதை தெரிஞ்ச பையன். ஊத்திட்டான். குடிச்சுட்டு மிச்சத்தைத் தலையில தடவிக்கிட்டாங்க.

தொலைஞ்சேன்!

ஒரு அட்டை அறுந்து விழுந்துச்சு. அதைக் கட்டிட்டுத் திரும்பறேன், நாப்பது பேர் நிக்கறாங்க. வரிசை கேட்டைத் தாண்டிப் போயிடுச்சு.

"இன்னா குடுக்கறாங்க?"

"பழமும் தீர்த்தமும்."

"எந்த சாமிது?"

"அட்டையில எழுதியிருக்கு பாரு."

இதுக்குள்ள ஆரணி அம்மா, லோகேஷ் கையில இருந்த பழத்தை வாங்கி பையில போட்டுக்கிட்டாங்க.

"அம்மா, அது எலக்ட்ரான்மா. திருப்பிக் குடுத்துடுங்க."

"குடுத்த பழத்தைத் திருப்பிக் கேக்கறியே, நல்லாவா இருக்கு?"

பதினொண்ணுக்கு அஞ்சு நிமிஷம். எனக்கு அழுகையே வந்துடுச்சு. "நீங்க வெச்சுக்கிட்டா எல்லாமே நின்னுடும்மா! உடம்புல இது ஒரு இடத்துல நின்னுச்சுன்னா, மூச்சு இழுத்தும் பிரயோஜனம் இல்ல. ஆளே காலி!"

அந்தம்மாவுக்கு முகம் வெளுத்துடுச்சு. பழத்தை வெளிய எடுத்தாங்க. என்கிட்ட இல்லைங்க, பின்னாடி நின்னவர்கிட்ட குடுத்தாங்க! "வெச்சுக்காதீங்க, உடனே அடுத்தவங்களுக்குக் குடுங்க. வெச்சுக்கிட்டா ஆள் காலியாம்!"

அவ்ளோதான். ஆளாளுக்குக் கண்ணுல ஒத்திக்கிட்டு அடுத்தவங்ககிட்ட குடுத்தாங்க. என் எலக்ட்ரான் ரோட்டைப் பாத்துப் போயிட்டே இருக்கு. சத்தியமா சொல்றேன், என் கிளாஸ் எதுவும் இவ்ளோ ஒழுங்கா நடந்ததில்ல.

வரிசையோட கடைசியில ஒருத்தர் ஸ்கூட்டரை நிறுத்திட்டு உள்ள வர வழி தேடிக்கிட்டிருந்தார். பழம் அவர் கைக்கு வந்துச்சு. பக்தியா கண்ணுல ஒத்தி, சட்டைப் பையில போட்டுக்கிட்டார்.

பிரின்சிபால்!

"யோவ், வெச்சுக்காதய்யா!"ன்னு நாப்பது பேரும் கத்தறாங்க. "உன்னால எல்லாருக்கும் மூச்சு நிக்கப் போவுது!"

ஆரணி அம்மா போய்ப் பொறுமையா விளக்கினாங்க. "இரும்பு வெச்ச புரதம் சார். வாங்கணும், உடனே குடுத்துடணும். சைட்டோகுரோம்னா அதான்."

பிரின்சிபால் ஆடிப்போயிட்டார். பழத்தை அந்தம்மாகிட்டயே குடுத்துட்டு நேரா லோகேஷ்கிட்ட வந்தார். "நீ சொல்லுப்பா, சைட்டோகுரோம்னா என்ன?"

லோகேஷ் காலி பாட்டிலைப் பாத்தான். என்னைப் பாத்தான்.

"தீந்துடுச்சு சார்."

சாயந்திரமே ஆர்டர் வந்துடுச்சு. அடுத்த வருஷமும் எனக்கு வேலை உண்டுங்க, பௌர்ணமிக்கு பௌர்ணமி கேட்டாண்ட வரிசை பாத்துக்கற வேலை.