இண்டிகேட்டர் சாரும் இரண்டு நிமிடமும்

டெல்லி மாநகரத்தில் இண்டிகேட்டர் போட்டுவிட்டுத் திரும்பிய கடைசி மனிதர் எங்கள் ஆபீசில்தான் வேலை பார்த்தார். சந்தேகம் உள்ளவர்கள் ஒரு சாயங்காலம் ரிங் ரோட்டில் வந்து நின்று பார்க்கலாம். இங்கே இண்டிகேட்டர் போடுவது எதிரியிடம் ரகசியத்தைச் சொல்வது மாதிரி. இடது பக்கம் விளக்கு எரிந்தால், பின்னால் வருகிறவன் உடனே இடது பக்கம் வந்து அடைத்துக்கொள்வான். இது தெரிந்தும் சார் போடுவார். ஆள் நடமாட்டமே இல்லாத பார்க்கிங்கிலும் போடுவார். ஆபீஸ் வராந்தாவில் ஃபைலோடு நடக்கும்போது கூட, திருப்பத்துக்கு நாலடி முன்னால் கையை லேசாக வெளியே நீட்டுவார் என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் எங்கள் செக்‌ஷனில் உண்டு. அதனால் இண்டிகேட்டர் சார். அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

சாருக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். டெல்லிக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் அவருடைய திருநெல்வேலித் தமிழில் ஒரு கீறல் விழவில்லை. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் அவர் மாடி, நான் கீழ் வீடு. தினமும் அவருடைய வெள்ளைக் காரில்தான் ஆபீசுக்குப் போவோம். அந்தக் காருக்கு அப்போது பதினாலே முக்கால் வயது. பெட்ரோல் கார் பதினைந்து முடிந்தால் டெல்லி ரோட்டில் ஓடக் கூடாது என்று விதி. மார்ச் மாதம் கார் ரிட்டயர் ஆகிறது என்கிற கவலையில், அதற்கு மறு வருஷம் தானே ரிட்டயர் ஆகப் போவதை சார் மறந்தே போயிருந்தார்.

இந்த நிலைமையில்தான் பெட்ரோல் பங்கில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீசைப் பார்த்தார். ஆட்டோகிராஸ். பெரிய மைதானத்தில் ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக் கோன்களை வைத்து வளைந்து வளைந்து ஒரு பாதை போட்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். யார் சீக்கிரம் முடிக்கிறார்களோ அவர் ஜெயித்தார். சொந்தக் கார், லைசென்ஸ், ஹெல்மெட் மூன்றும் இருந்தால் யாரும் வரலாம். வேறு யாராவது என்றால் நோட்டீசைப் படித்துவிட்டு பெட்ரோல் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். சார் பதினாலு பக்க விதிமுறையைப் பிரிண்ட் எடுத்து, டேக் போட்டு ஃபைலாக்கி, மறுநாள் சிக்னலில் நிற்கும்போது எனக்குப் படித்துக் காட்டினார்.

"இதைக் கேளும்வே. கோனைத் தொட்டா ரெண்டு செகண்டு அபராதம். யாரு தொட்டாலும் ரெண்டு செகண்டு. மந்திரி மவன் தொட்டாலும் ரெண்டு செகண்டு."

"அதுக்கென்ன சார்?"

"என்னவா? முப்பது வருசமா இந்த ஊர்ல வண்டி ஓட்டுதேன். இடிச்சவன் எறங்கி வந்து, எங்கப்பன் யாரு தெரியுமான்னு நம்மகிட்டயே கேக்கான். கோன்கிட்ட போயி அப்பன் பேரைச் சொல்ல முடியுமாவே?"

டெல்லியில் விதியை மதிக்கிற பத்து ஏக்கர் இருக்கிறது என்கிற சந்தோஷத்தை அவரால் தாங்கிக்கொள்ளவே முடியவில்லை. கார் போவதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ரிசல்ட் சீட்டில் தன் பெயருக்கு நேராக ஒரு டைம் வர வேண்டும். பரிசு வேண்டாம். கடைசி ஆளாக வந்தாலும் போதும். புதியவர்கள் பிரிவில் இரண்டு நிமிடத்துக்குள் முடித்தால்தான் டைம் எழுதுவார்கள். தாண்டினால் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்று மாதத்துக்கு ஒரு ஞாயிறாக மூன்று வாய்ப்பு இருந்தது.

முதல் வேலையாக ஆபீசில் அனுமதி கேட்டு நோட் போட்டார். அப்படி ஒரு நோட் போடச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. ஃபைல் மூன்று மேஜை ஏறி இறங்கி, 'மேற்படி பந்தயத்தால் அலுவலக நேரம் பாதிக்கப்படுமா?' என்ற கேள்வியோடு திரும்பி வந்தது. 'ஞாயிற்றுக்கிழமை' என்று பதில் எழுதி மறுபடி அனுப்பினார். கடைசி வரை உத்தரவு வரவில்லை. மறுப்பும் வராததால் போகலாம் என்று அவரே முடிவு செய்தார். ஒவ்வொரு போட்டியாளரும் கொடி பிடிக்க ஓர் ஆளை அழைத்து வர வேண்டும் என்பது ஒன்பதாவது விதி. அந்த ஆள் நான்.

டிசம்பர் ஞாயிறு காலை, துவாரகா பக்கத்து மைதானம். ஓடுவதற்கு முன்னால் காரில் ஆடுகிற, உருளுகிற சாமான் எதுவும் இருக்கக் கூடாது என்று பரிசோதனை. சுற்றிலும் இருபது இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் காரிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு போன் சார்ஜர் என்று எடுத்து வைத்தார்கள். எங்கள் காரிலிருந்து இரண்டு குடை, ஒரு வெந்நீர் ஃபிளாஸ்க், புளியோதரை டப்பா, அக்காவின் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, போன பொங்கலுக்கு வாங்கின கரும்பில் ஒரு கணு, எரியாத டார்ச், எரிகிற டார்ச், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எல்லாம் இறங்கின. அக்கா என்பது சாரின் மனைவி. டாஷ்போர்டில் இருந்த பிள்ளையாரையும் எடுக்கச் சொன்னான் பரிசோதனைப் பையன். சார் பிள்ளையாரைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். கார்தான் ஆடியது. எம்சீல் போட்டு ஒட்டியிருந்தார். பையன் கும்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

சார் கிளம்பினார். முதல் கோனுக்கு வலது இண்டிகேட்டர். அடுத்ததற்கு இடது. மைக் வைத்திருந்த பெண் சிரிப்பை அடக்க மைக்கைத் தூரப் பிடித்தாள். அதெல்லாம் பரவாயில்லை. பாதையின் முடிவில் ஒரு சிவப்புக் கோன். அதை இடது பக்கமாக ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு வெளியே வர வேண்டும். சார் வந்தார், வலது இண்டிகேட்டர் போட்டார், வலது பக்கமாகப் பாந்தமாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அங்கிள்ஜி, உல்டா! உல்டா!" என்று மைக் அலறியது.

தப்பான பாதை, ஓட்டம் செல்லாது. ஒரு நாளைக்கு மூன்று ஓட்டம். இரண்டாவதிலும் வலது பக்கம்தான் சுற்றினார். மூன்றாவதில் கோனுக்கு முன்னால் காரை நிறுத்தி நிதானமாக யோசித்தார். பிறகு வலது பக்கமாகவே சுற்றினார்.

"என்ன சார் இது?" என்றேன்.

"கை தானாப் போவுதுவே. நடுவுல ஒண்ணு நிக்கி, அதைச் சுத்தணும்னா வலமாத்தான சுத்தணும்? அம்பது வருசமா கோயில்ல அப்படித்தான சுத்துதேன்? இடமாச் சுத்துனா அபச்சாரம்லா?"

மைதானத்தில் அவருக்கு ஒரு விதி, மனசுக்குள் ஒரு விதி. இரண்டையும் மீறத் தெரியாத மனுஷன் நடுவில் மாட்டிக்கொண்டார். பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா வந்து சொன்னாள். கடைசியில் நானே அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போய்க் குருக்களிடம் விஷயத்தைச் சொன்னேன். குருக்கள் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"அந்தக் கோனுக்குப் பிராணப் பிரதிஷ்டை பண்ணியிருக்காளா?"

"இல்ல சாமி. பிளாஸ்டிக்."

"அபிஷேகம், நைவேத்யம் ஏதாவது?"

"ஒண்ணும் கெடையாது."

"அப்போ அது வெறும் சாமான். எந்தப் பக்கம் வேணும்னாலும் சுத்துங்கோ. ஒரு தோஷமும் கிடையாது."

சார் பையிலிருந்து அந்த ஃபைலை எடுத்து, பதினாலாம் பக்கத்து ஓரத்தில் இதைக் குறித்துக்கொண்டார். குருக்களிடம் கையெழுத்துக் கேட்டுவிடுவாரோ என்று பயந்து நான் அவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரியில் இடது பக்கமாகச் சுற்றினார். மைதானமே கை தட்டியது. ஆனால் மூன்று ஓட்டத்தில் நல்ல ஓட்டமே இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. மற்றவர்களுக்கு ஐம்பது விநாடி. "இண்டிகேட்டரையாவது விடுங்க சார், பத்து செகண்டு மிச்சமாகும்" என்றேன்.

"திரும்புததுக்கு முன்னால சொல்லணும்வே."

"யாருக்கு சார் சொல்றீங்க? மைதானத்துல வேற வண்டியே கிடையாதே."

"வேற வண்டி இல்லேன்னா நாம மாறிருவமாவே?" என்றார்.

ஆக, மிச்சப்படுத்த வேண்டியது பயிற்சியில்தான். கோனுக்கு எங்கே போவது? குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தில் ஒரு சனிக்கிழமை காலை, வீட்டில் இருந்த பிளாஸ்டிக் குடம் பன்னிரண்டையும் விதிப்படி இடைவெளி விட்டு வரிசையாக வைத்தார். காரை எடுக்க நாங்கள் முன்பக்கம் போய்த் திரும்பி வருவதற்குள் அங்கே நாற்பது குடமும் இருபது வாளியும் நின்றன. தண்ணீர் லாரி வருகிறது என்று பிளாக் முழுக்க இறங்கி வந்துவிட்டது. "டேங்கர் கப் ஆயேகா, பாய்சாப்?" என்று லாரி வரும் நேரத்தை ஒரு சர்தார்ஜி சாரிடமே கேட்டார். வரிசையில் முதல் குடம் யாருடையது என்று இரண்டு பெண்களுக்குள் சண்டை மூண்டது. இதில் எங்கள் அக்கா, தன்னுடைய குடம்தான் முதலில் வந்தது என்று நியாயம் பேசிக்கொண்டிருந்தாள். லாரி இல்லை, பந்தயப் பயிற்சி என்று சார் இந்தியில் விளக்கியதை ஒருவரும் நம்பவில்லை. மறுநாளிலிருந்து குடத்துக்குப் பதில் செங்கல் வைத்தார். தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து பழகினார். பிப்ரவரியில் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தார்.

பிப்ரவரி ஞாயிறு. கடைசி வாய்ப்பு. முதல் ஓட்டம் இரண்டு நிமிடம் ஒன்பது விநாடி. இரண்டாவதில் கார் நடுவழியில் இருமி நின்றது. மூன்றாவது ஓட்டத்துக்கு அவர் வந்து நின்றார். நான் தூரக் கோடியில் ஏழாவது கோனுக்குக் காவல். ஒவ்வொரு கோனைச் சுற்றியும் சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். கோன் வட்டத்தை விட்டு நகர்ந்தால் நான் மஞ்சள் கொடி தூக்க வேண்டும்.

அப்படி ஓர் ஓட்டத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. இண்டிகேட்டர் மின்ன மின்ன, கார் உறுமிக்கொண்டு வந்தது. என்னைத் தாண்டும்போது பின் பம்பர் கோனை ஓர் உரசு உரசியது. கோன் விழவில்லை. வட்டத்தை விட்டு ஒரு சாண் நகர்ந்து நின்றது. மைக்குக்கும் எனக்கும் நடுவில் அவர் கிளப்பிய புழுதி. நான் மட்டும்தான் பார்த்தேன். கொடி கையில் இருந்தது, கை எழவில்லை. காலால் கோனை மெதுவாக வட்டத்துக்குள் தள்ளிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏக் மினட் உன்சட் செகண்ட்!" என்று மைக் கத்தியது. ஒரு நிமிடம் ஐம்பத்தொன்பது விநாடி. "அங்கிள்ஜி நே கர் தியா!" அங்கிள் சாதித்துவிட்டாராம். பிள்ளைகள் விசில் அடித்தார்கள். நான் கொடியைப் போட்டுவிட்டு ஓடினேன். சார் காரை விட்டு இறங்கினார், ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் நேராக மைக் பெண்ணின் மேஜைக்குப் போனார்.

"சாத் நம்பர் கோன். டச் ஹுவா" என்றார். ஏழாவது கோனில் கார் பட்டுவிட்டதாம்.

"ஃபிளாக் நஹி உட்டா, அங்கிள்ஜி. கிசி நே நஹி தேக்கா." கொடி எழவில்லை, யாரும் பார்க்கவில்லை என்றாள் அந்தப் பெண்.

"மைனே தேக்கா" என்றார். பின்கண்ணாடியில் தானே பார்த்தாராம்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சாரும் பார்த்தார். "உண்மையைச் சொல்லும்வே" என்றார். தலையாட்டினேன். அந்தப் பெண் பேனாவை எடுத்தாள். இரண்டு விநாடியைக் கூட்டினாள். இரண்டு நிமிடம் ஒரு விநாடி. அவர் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டாள்.

திரும்பி வரும்போது எனக்குக் கோபம் தாங்கவில்லை. "உங்களுக்கென்ன சார் பைத்தியமா? யாரு கேட்டா? அடுத்த மாசம் காரே கிடையாது!" என்று கத்தினேன்.

"அப்பன் பேரைச் சொல்லித் தப்பிக்கவனுக்கும், தெரிஞ்ச ஆளைக் கொடி பிடிக்க வச்சுத் தப்பிக்கவனுக்கும் என்னவே வித்தியாசம்?" என்றார். இரண்டு சிக்னல் தாண்டியதும் அவரே, "ஒரு செகண்டுவே. ஒரே ஒரு செகண்டு" என்றார். எனக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

மார்ச்சில் காரை இழுத்துக்கொண்டு போனார்கள். பிள்ளையாரைப் பெயர்த்து எடுக்க ஒரு மெக்கானிக்கே வர வேண்டியிருந்தது. இப்போது சார் ரிட்டயர் ஆகி, துவாரகாவில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். போன வாரம் போன் வந்தது. ஒரு பழைய கார் பேசி முடித்திருக்கிறாராம், டிசம்பருக்குப் பெயர் கொடுத்தாயிற்றாம்.

"கொடி பிடிக்க நான் வரேன் சார்" என்றேன்.

"நீரு வேண்டாம்வே. உமக்கு எம்மேல பிரியம் ஜாஸ்தி. பிரியம் உள்ளவன் கொடி பிடிக்கக் கூடாது."

நியாயம்தான். இன்னொரு தடவை அவர் கோனைத் தட்டினாலும் நான் கொடியைத் தூக்க மாட்டேன்.