பாலம் கட்சிக்குப் போட்ட ஓட்டு

அன்புத் தம்பி வெண்டலுக்கு, அண்ணன் மெர்ரிட் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி லொரெய்னும் நலம், மாடுகளும் நலம். நியூ ஜெர்சியில் நீயும் உன் முழங்காலும் நலந்தானே?

ஊர்த் தலைவர் தேர்தல் முடிந்துவிட்டது. இற்றுப்போன ஓடைப் பாலத்தை மூடியதிலிருந்து பால் லாரியும் ஆம்புலன்சும் மலையைச் சுற்றித்தான் வருகின்றன, ஆனால் நம் குடியரசுக் கட்சி ஆளோ பாலமே வேண்டாம் என்கிறார், கட்டித் தருகிறேன் என்ற தியோடோரா நல்ல பெண்தான், ஆனால் ஜனநாயகக் கட்சி, ஓட்டுச் சீட்டில் அந்தக் கட்சி வரிசையில் பேனாவே வைக்க மாட்டோம் என்று அப்பாவின் கையைப் பிடித்து நாம் சத்தியம் செய்திருக்கிறோமே, எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. கடைசியில் தீயணைப்பு நிலையத்துப் பான்கேக் விருந்தில் நாலு பால்பண்ணைக்காரர்கள் கையெழுத்து வேட்டையாடி, 'பாலம் கட்சி' என்று ஒன்றைத் தொடங்கி, தியோடோராவையே தங்கள் வேட்பாளராகவும் நிறுத்திவிட்டார்கள். சீட்டில் மேலே ஜனநாயகக் கட்சி வரிசை, கீழே பாலம் கட்சி வரிசை, இரண்டிலும் அதே பெயர். எதில் போட்டாலும் அவர் கணக்கில் சேரும், எந்த வரிசையில் விழுந்தது என்பதும் தனியாகத் தெரியும்.

கீழ் வரிசையில்தான் போடுவேன் என்றேன். உன் அண்ணி பிறவி ஜனநாயகக் கட்சிக்காரி, சிரித்தாள். "ஏங்க, போய்ச் சேர்றது ஒரே ஆளுக்குத்தானே, இதுல என்ன வீராப்பு?"

"ஒரே ஆளுக்குத்தான். ஆனா எதுக்காகப் போட்டேன்னு அந்தம்மாவுக்குத் தெரியணும்ல?" என்றேன்.

தெரிந்துவிட்டது தம்பி. கீழ் வரிசை ஓட்டு இல்லையென்றால் தியோடோரா தோற்றிருப்பார். முடிவு வந்ததும் அவரே, "பாலத்துக்காகப் போட்டவங்கதான் என்னை ஜெயிக்க வச்சாங்க. மொத வேலை அதுதான்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கட்சி மாறாமல், ஓட்டை வீணாக்காமல், மனத்தில் இருப்பதைச் சொல்ல ஒரு வழி இருக்கிறதே என்று தெம்பாக இருக்கிறது. உங்கள் ஊரில் ஒரே ஆளை இரண்டு கட்சி நிறுத்த விடமாட்டார்களாமே, பாவம் நீங்கள். அப்பா இருந்தால் என் தோளில் தட்டியிருப்பார்.

உன் மனைவிக்கு அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. பாலம் திறந்ததும் அதன் வழியாகவே வந்து சேர்.

உன் அண்ணன்,
மெர்ரிட்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் அண்ணி படித்துவிட்டாள். அன்று பெயரைப் பார்த்த அவசரத்தில் மேல் வரிசை வட்டத்தை நிரப்பிவிட்டேன், பதறிப்போய்க் கீழ் வட்டத்தையும் நிரப்பினேன், அதோடு மேலே உள்ளது செல்லாது என்று நம்பியிருந்தேன். அப்படி இரண்டிலும் போட்டால் மேல் வரிசைக்கே எண்ணுவார்களாம், அண்ணி சொல்கிறாள். அவளோ கீழ் வரிசையில்தான் போட்டாளாம். ஆக, எங்கள் வீட்டிலிருந்து ஜனநாயகக் கட்சிக்குப் போன ஒரே ஓட்டு என்னுடையது. அப்பாவின் கல்லறைப் பக்கம் போனால் வாயைத் திறக்காதே.