ஒன்னும் ஆவாது பூபதி

நம்மிடையே 'ஒன்னும் ஆவாது' ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. குக்கர் விசிலடிக்காமல் உறுமினாலும், பஸ் பிரேக் கதறினாலும், ஸ்கேனைப் பார்த்து டாக்டரே முகம் சுளித்தாலும், இவர்கள் வாயிலிருந்து வருவது அந்த ஒரே மந்திரம்தான்.

மூக்கண்டப்பள்ளியில் துணை மின்நிலையங்களிலிருந்து வரும் பழைய சர்க்யூட் பிரேக்கர்களைப் பழுது பார்க்கும் பட்டறையின் சூப்பர்வைசர் பூபதி இந்த இனத்தின் தலைமகன். பிரேக்கருக்குள் தீப்பொறியை அடக்க ஒரு வாயு அடைத்திருக்கும். சல்பர் ஹெக்ஸாஃப்ளோரைடு என்று பெயர். ஒரு கந்தக அணுவை ஆறு ஃப்ளோரின் அணுக்கள் சூழ்ந்து இறுக்கிப் பிடித்திருப்பதால் அது லேசில் எதனோடும் சேராது, எரியாது, நாறாது, கண்ணிலும் படாது. பூபதிக்கு அதன்மேல் தனிப் பாசம். ஏன் இருக்காது? அவரும் எதற்கும் அசையாதவர் ஆயிற்றே!

பிரேக்கரைப் பிரிக்கும் முன் அந்த வாயுவை மெஷின் வைத்து உறிஞ்சி சிலிண்டரில் சேர்க்க வேண்டும். அதற்குப் பொறுமை யாருக்கு இருக்கிறது? ஆயுத பூஜையன்று காலை, பொரி கடலை வருவதற்குள் வேலையை முடிக்க, பூபதி வால்வைத் திறந்துவிட்டார்.

"சார், வெளிய வுடக்கூடாதுன்னு டிரெய்னிங்ல சொன்னாங்களே?" என்றாள் டெக்னீஷியன் முனிலட்சுமி.

"காத்தோட காத்தா போயிரும். ஒன்னும் ஆவாதும்மா."

போகவில்லை. காற்றைவிட ஐந்து மடங்கு கனமானது எங்கே போகும்? பக்கத்தில் ஆள் இறங்கிச் சோதிப்பதற்கென்று இருந்த குழிக்குள் இறங்கி, காற்றை மேலே தள்ளிவிட்டு, தொட்டித் தண்ணீர்போல நிரம்பி நின்றது. விஷம் இல்லை. மூச்சு விடக் காற்றும் இல்லை.

குழியில் இருக்கும் பம்புக்குப் பொட்டு வைக்காமல் பூஜை நிறைவாகுமா? முனிலட்சுமி இறங்கும் முன் குனிந்து, எரியும் கற்பூரத் தட்டைக் குழிக்குள் கைக்கெட்டிய படியில் வைத்தாள். பொசுக்கென்று அணைந்தது. ஏற்றி வைத்தாள். மறுபடியும் அணைந்தது.

பூபதியின் முகம் வெளுத்தது.

"ஐயோ, சாமி குத்தம்! இந்தப் பக்கம் வாம்மா! ஒருத்தரும் எறங்காதீங்க!"

மதியம் ஆக்சிஜன் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தபோதுதான், அங்கே இறங்கியவர் ஏறியிருக்க மாட்டார் என்று தெரிந்தது. மத்திகிரி வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளை நினைத்து முனிலட்சுமி குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"எதுக்கும்மா அழுவுற? அதான் ஒன்னும் ஆவலையே!" என்றார் பூபதி.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்று வண்டியில் போனபோது உங்கள் ஹெல்மெட் எங்கே இருந்தது? பெட்ரோல் டேங்க் மேலா, கண்ணாடியில் தொங்கிக்கொண்டா? எலுமிச்சம்பழத்தை மட்டும் வாடுவதற்கு முன்பே மாற்றிக் கட்டிவிடுகிறீர்கள்!