கறுப்புப் பெட்டியும் என் மீசையும்

"இந்த வீட்டுக்குள்ள கறுப்புப் பெட்டி காலெடுத்து வச்சா, அன்னைக்கே என் மீசையை எடுத்துர்றேன்!"

இப்படிச் சொன்னவன் நான்தான். பேரு மகாராஜன். ஊரு போடி. சொன்ன இடம் எங்க வீட்டுக் கூடம். சாட்சி என் பொண்டாட்டி பவதாரணி. சொல்லி முடிச்ச கையோட மீசையை ஒரு முறுக்கும் முறுக்கிக்கிட்டேன். அந்த முறுக்குதான் வினை.

பெட்டின்னா கேம் பெட்டி. டிவியில மாட்டிக்கிட்டு, கையில பேடைப் புடிச்சு விளையாடுறது. அதுல உலகமே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு கெடக்கு. ஒரு கம்பெனிக்காரன் வெள்ளையா விக்கிறான், இன்னொருத்தன் கறுப்பா விக்கிறான். நான் வெள்ளைக் கட்சி. என் மச்சினன் செழியன், பவதாரணிக்கு ஒரே தம்பி, தேவாரத்துல போன் கடை வச்சிருக்கான், அவன் கறுப்புக் கட்சி.

நாப்பத்திரண்டு வயசுல உனக்கென்னய்யா விளையாட்டுன்னு கேக்காதீக. வாரத்துல அஞ்சு நாள் போடிமெட்டுக்கு மேல ஒரு எஸ்டேட்டு ஸ்டோர்ல பச்சை ஏலக்காயைச் சூட்டுல காய வச்சுக் காவல் காக்குறவன் நான். அங்க பேச்சுத் துணைக்கு மேகம்தான் உண்டு. சனிக்கிழமை ஜீப்புல இறங்கி வந்தா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பெட்டிதான் எனக்குக் கோயில்.

அதுலயும் ஒரு குறை. திங்கக்கிழமை பேடுல சார்ஜை முழுசா ஏத்தி வச்சுட்டுத்தான் மலையேறுவேன். சனிக்கிழமை வந்து எடுத்தா சுத்தமா இறங்கிப் போயிருக்கும்.

"ஏன்டி பவா, சும்மா கெடக்குற பேடுல சார்ஜ் எப்படிடி இறங்கும்?"

"மலைக்காத்துல ஈரம் ஜாஸ்திங்க. அப்பளமே நமுத்துப் போகுது, பேடு போகாதா?"

நியாயமாத்தான் இருந்துச்சு. நானும் நம்பிட்டேன்.

இப்ப சத்தியத்துக்கு வர்றேன். ஆவணி மாசம், ஞாயித்துக்கிழமை, கறிக்கொழம்பு. செழியன் சாப்பிட்டுப்புட்டு ஆரம்பிச்சான்.

"மச்சான், கறுப்புல கார் ஓட்டிப் பாத்திருக்கீகளா? ரோட்டுல கெடக்குற தண்ணியில மேகம் தெரியும்."

"எனக்கெதுக்குடா மேகம்? அஞ்சு நாளும் அதுக்குள்ளதான நடக்குறேன்!"

"நிழலு அப்படியே நிசம் மாதிரி விழும் மச்சான்."

"வெயில்ல நில்லு, ஓசியிலயே விழும்."

"நொடிக்கு நூத்தியிருவது படம் ஓடுது!"

"எங்க பெட்டியிலயும் ஓடும்டா!"

பாத்திரம் ஒதுங்க வச்சுக்கிட்டிருந்த பவா தலையை நீட்டுனா. "நூத்தியிருவதையும் எண்ணிப் பாத்தது யாரு?"

ரெண்டு பேரும் மோரை எடுத்துக் குடிச்சோம்.

ஆனா செழியன் கடைசியா ஒரு குண்டு போட்டான் பாருங்க. 'கோட்டைக்காரன்'னு ஒரு ஆட்டம் உண்டு. இங்கிலீசுப் பேரு வாயில நுழையாது, நாங்க வச்ச பேரு அது. அஞ்சு பாகம் வந்துருச்சு. அஞ்சையும் வெள்ளையில முடிச்சவன் நான். "ஆறாவது பாகம் கறுப்புல மட்டுந்தான் மச்சான் வருது. வெள்ளைக்குக் கெடையாது" அப்படின்னான்.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! அந்த ஆத்திரத்துலதான் சத்தியம் பண்ணினேன். அவனும் விடல. "சரி மச்சான். வெள்ளையில படம் நல்லாருக்குன்னு என் வாயால சொல்லிட்டா, நான் மீசை எடுக்குறேன். வர்ற மாசம் எனக்குப் பொண்ணு பாக்கப் போறோம், தெரியும்ல? அதையும் வச்சுத்தான் பந்தயம்!"

மீசைன்னா லேசான சோலின்னு நினைக்காதீக. எங்க பக்கம் அப்பன் செத்தாத்தான் மகன் மீசையை எடுப்பான். எங்கப்பா சிலமலையில கல்லு மாதிரி இருக்காரு. காலையில தோட்டத்துக்குத் தண்ணி கட்டப் போறாரு. நான் மழுங்க வழிச்ச மொகத்தோட போடி பஸ் ஸ்டாண்டுல நின்னா, ஊரு என்ன நினைக்கும்?

இதெல்லாம் நல்லாத் தெரிஞ்சவன்தான் நான். ஆனா நான் சத்தியம் பண்ணி ஒரு மாசத்துக்கு மேல தாங்குனதா சரித்திரம் கெடையாது. வெத்தலையை விட்டேன், பதினெட்டு நாள். செழியன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னேன், அவங்கம்மா அதிரசம் சுட்ட அன்னைக்கு மிதிச்சேன்.

இந்தத் தடவை இருபத்தஞ்சு நாள். மலையில கண்ணை மூடுனா கோட்டைக்காரன் வந்து நிக்கிறான். 'ஆறாவது கோட்டையைப் பிடிக்காம விட்டுட்டியே மகாராஜா'ங்கிறான். கடைசியில மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவுல இருக்குற பூப்பாறைக்குப் போயி, போடிக்காரன் ஒருத்தன் கண்ணுலயும் படாம, கறுப்புப் பெட்டியை வாங்கிட்டேன்.

வாங்கியாச்சு, இனி ஒளிச்சு வைக்கணும். ஸ்டோர்ல வேலைக்காரங்க கண்ணுல பட்டா போடிக்குச் சேதி எனக்கு முன்னாடியே இறங்கிரும். அட்டைப்பெட்டி காட்டிக் கொடுத்துரும்னு அடுப்புல போட்டேன். வெறும் பெட்டியை ஒரு சாக்குல, காஞ்ச ஏலக்காய்க்கு நடுவுல புதைச்சு வச்சேன். பத்து நாள் அங்கதான் கெடந்துச்சு. ஏலக்காய்ச் சாக்கை யாரு சந்தேகப்படப் போறா? என் புத்தியை நானே மெச்சிக்கிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் பவா கடையில இருப்பா. அவளுக்கு ஏலக்காய்க் கடையில தரம் பிரிக்கிற சோலி. கறுப்பைக் கொண்டாந்து, டிவிக்குக் கீழ இருக்குற மர அலமாரிக்குள்ள போர்வைக்குப் பின்னாடி வச்சேன். வயரை டிவிக்குப் பின்னால விட்டேன். மேல எப்பவும் போல வெள்ளைப் பெட்டி, லைட்டு எரிஞ்சபடி, ஒரு வேலையும் இல்லாம. கறுப்புப் பேடுக்கு வெள்ளை ரப்பர் உறை மாட்டினேன். பாத்தா எவனுக்கும் தெரியாது.

சாயங்காலம் பவா வந்தா. நான் ஆறாவது பாகத்துல மொதக் கோட்டை வாசல்ல நிக்கிறேன். செருப்பைக் கழட்டுனவ அப்படியே நின்னு மூக்கை உறிஞ்சுனா.

"என்னங்க, ஏலக்காய் வாசம் அடிக்குது."

நான் பட்டனை மாத்தி அமுக்கி, கோட்டைக்காரன் அகழியில விழுந்துட்டான். அப்பத்தான் புரிஞ்சுச்சு. பத்து நாள் காய்க்குள்ள கெடந்த பெட்டி. உள்ள காத்தாடி சுத்தச் சுத்த, சூடான காத்தோட வாசத்தை வீடு பூராவும் ஊதிக்கிட்டிருக்கு.

"போடியில ஏலக்காய் வாசம் அடிக்கிறது ஒரு அதிசயமாடி? நீயே காய்க்குள்ள இருந்துதான வர்றே."

"எங்க கடை வாசம் எனக்குத் தெரியாதா? இது புதுக்காய். சூடு கொஞ்சம் தூக்கலா காஞ்சது." குனிஞ்சா. அலமாரிக் கதவோரத்துல கெடந்த ஒரு பச்சைத் தோலை நகத்தால எடுத்தா. வெளிச்சத்துல திருப்பிப் பாத்தா. "எட்டு மில்லி பருமன் காயோட தோலு. உங்க ஸ்டோர் காய்தான்."

"என் சட்டையில ஒட்டிட்டு வந்திருக்கும்!"

"இருக்கும், இருக்கும்" அப்படின்னு உள்ள போயிட்டா. ஒரு வார்த்தை கேக்கல. பொண்டாட்டி சண்டை போட்டாத் தூக்கம் வரும். கேக்காம விட்டா எங்க வரும்? விடிய விடிய மீசையைத் தடவிக்கிட்டே கெடந்தேன்.

இத்தோட அடங்கியிருந்தா நான் மனுசன். காலையில ஒரு யோசனை வந்துச்சு பாருங்க. செழியனைக் கூப்பிட்டு, ரெண்டு பெட்டியிலயும் வர்ற அந்தக் கார் ஆட்டத்தைக் கறுப்புல ஓட விடுவோம். வெள்ளைன்னு சொல்லிக் காட்டுவோம். படத்தைப் பாத்து அவன் வாயாலயே நல்லாருக்குன்னு சொல்லிட்டா, அவன் மீசை போச்சு. பந்தயமும் முடிஞ்சுச்சு, என் மீசைக்கும் பயமில்ல. வெரசா வாடான்னு போனைப் போட்டேன்.

மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு ஆட்டத்தை ஓட விட்டேன். மழை பேஞ்ச ரோடு. தண்ணியில மேகம் போகுது. செழியன் சோபாவுல முன்னாடி நகந்து வந்தான்.

"மச்சான்... இது வெள்ளையா?"

"மேல பாரு. லைட்டு எரியுதுல்ல?"

"நிழலைப் பாருங்களேன்! எங்க பெட்டியிலயே இவ்வளவு சுத்தமா வராது மச்சான்."

"வராதுடா. அதுக்கெல்லாம் ஒரு ராசி வேணும். வாயைத் தொறந்து சொல்லு. எது நல்லாருக்கு?"

செழியன் நல்ல பய. பொய் பேசத் தெரியாது. தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "வெள்ளைதான் மச்சான் நல்லாருக்கு" அப்படின்னான்.

நான் துள்ளி எந்திரிச்சேன். தயாரா வச்சிருந்த கத்தரியையும் ரேசரையும் எடுத்தேன். செழியன் மொகம் செத்துப் போச்சு. "மச்சான், அடுத்த வாரம் பொண்ணு பாக்கப் போறோம். பொண்ணு வீட்டுல எங்கப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு கேப்பாகளே" அப்படின்னு கெஞ்சுறான்.

"பந்தயம்னா பந்தயம்டா மாப்ளே!"

"இருங்க." பவா ஈரக்கையைத் தொடைச்சுக்கிட்டு வந்து நடுவுல நின்னா. "ஏலத்துல காயைத் தட்டுல போட்டு ஒவ்வொருத்தர் கையிலயும் கொடுப்பாக. உடைச்சு, மோந்து, அப்புறந்தான் விலை சொல்லணும். நீங்க என்ன, சாக்கை வெளிய இருந்து காட்டிட்டு ஏலத்தை முடிக்கிறீக?"

குனிஞ்சா. வெள்ளைப் பெட்டியோட பிளக்கைப் புடிச்சு ஒரே இழுப்பு.

மேல லைட்டு அணைஞ்சு போச்சு. டிவியில கார் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. மழை பேயுது, மேகம் போகுது, நின்னது என் உசுரு மட்டுந்தான்.

"என்னங்க, கரண்டு இல்லாமயே ஓடுது?"

"அது... உள்ள கொஞ்சம் கரண்டு தங்கியிருக்கும் பவா. பழைய பெட்டில்ல..."

"எவ்வளவு நேரம் தங்கும்?"

"ஒரு அஞ்சு நிமிசம்."

"சரி, உக்காருவோம்."

உக்காந்தோம். மூணு பேரும் டிவியையே பாத்துக்கிட்டு உக்காந்தோம். அஞ்சு நிமிசம் ஆச்சு. பத்து ஆச்சு. கார் இன்னொரு சுத்துக்குப் போயிருச்சு. என் வாழ்க்கையில அவ்வளவு நீளமான பத்து நிமிசத்தை நான் பாத்ததில்ல. பவா எந்திரிச்சு அலமாரிக் கதவைத் தொறந்தா. பொங்கல் பானையைத் தொறந்த மாதிரி வாசம் குப்புன்னு வந்துச்சு. போர்வையை விலக்குனா.

"அடப்பாவி மச்சான்!" அப்படின்னான் செழியன்.

"பவா, நீ நேத்தே கண்டுபுடிச்சுட்டேல்ல? அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"நான் எதுக்குக் கேக்கணும்? பேசாம விளையாடிட்டு மலையேறியிருந்தா நானும் பேசாமத்தான் இருந்திருப்பேன். பொண்ணு பாக்கப் போற என் தம்பி மீசைக்கு ரேசரைத் தூக்குனீகள்ல? அதான்."

ரேசரை என் கையில இருந்து பக்குவமா வாங்கி, செழியன் கையில கொடுத்தா. "தம்பி, நல்லா ஒட்ட வழி. அரைகுறையா விட்டா அசிங்கமா இருக்கும்."

வழிச்சான். சும்மா சொல்லக் கூடாது, சுத்தமாத்தான் வழிச்சான். கண்ணாடியில பாத்தா எனக்கே என்னைத் தெரியல. மேல் உதட்டுல காத்துப் படுது. அழுகையா வந்துச்சு. பவா அந்த வெள்ளை ரப்பர் உறையை உரிச்சுப் போட்டுட்டு, பேடைக் கையில எடுத்துக் காலை மடக்கி உக்காந்தா. கார் ஆட்டத்தை நிறுத்துனா. கோட்டைக்காரனைத் தொறந்தா. நான் நேத்து ராத்திரி வரைக்கும் முட்டி மோதியும் தாண்டாத அகழியை, ஒரே தாவுல தாண்டிட்டா.

"பவா! இதெல்லாம் உனக்கு..."

"அஞ்சு பாகம் முடிச்சிருக்கேன்ல. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் நான் சுவத்தையா பாத்துக்கிட்டு இருப்பேன்?"

அப்ப மலைக்காத்து, ஈரம், அப்பளம்? நான் செழியனைப் பாத்தேன். செழியன் மேல சுத்துற பேனைப் பாத்தான்.

"மாப்ளே, உனக்குத் தெரியுமாடா?"

"அக்கா ஆறாவது பாகம் வேணும்னுச்சு மச்சான். நேராக் கேட்டா நீங்க கட்சி மாற மாட்டீகளாம். வாங்க மாட்டேன்னு சத்தியம் பண்ண வச்சுட்டா ஒரு மாசத்துல வாங்கிருவீகன்னு அக்காதான் பந்தயம் கட்டச் சொன்னுச்சு."

"இருபத்தஞ்சு நாள்" அப்படின்னா பவா, டிவியை விட்டுக் கண்ணை எடுக்காம. "நேத்து துவைக்கப் போட்ட உங்க சட்டைப் பையில பில்லு இருந்துச்சு. நான் இருபதுன்னு நினைச்சேன். பரவால்ல, தாங்கியிருக்கீக."

இனி என்னத்தப் பேச? பால் வாங்கிட்டு வாங்கன்னா. துண்டை மூக்கு வரைக்கும் சுத்திக்கிட்டுப் போனேன். பால்காரன் "என்ன மகாராஜண்ணே, பல்வலியா?"ன்னு கேட்டான். ஆமான்னு தலையாட்டுனேன். அந்த ஆட்டுல துண்டு நழுவிருச்சு. அவன் என் மொகத்தைப் பாத்தான். பாத்துட்டு, ஒண்ணும் பேசாம, காசு வாங்க மாட்டேன்னுட்டான். தோளைத் தட்டி, "மனசைத் தேத்திக்கங்கண்ணே" அப்படின்னான். எனக்கு விளங்கல. பால் ஓசின்னு சந்தோசமா வீடு வந்து சேந்தேன்.

ஒரு மணி நேரம் ஆகல, போன் அடிச்சுச்சு. சிலமலையில இருந்து எங்கப்பா.

"ஏன்டா மகாராஜா, வாசல்ல ஏழு பேரு மாலையோட வந்து நின்னுக்கிட்டு என்னையவே வெறிச்சு வெறிச்சுப் பாக்குறாங்க. நான் எப்படா செத்தேன்?"