ஒண்ணாம் நம்பர் வெள்ளை

"நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தா இந்தப் பரீட்சை செல்லாது," என்று சொல்லிவிட்டுக் கலர் சார் சோபாவில் விறைப்பாக உட்கார்ந்தார்.

பெயின்ட் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக அவருக்கு அதுதான் பெயர். டின்னைத் திறந்து ஒரு பார்வை பார்த்தால், இது போன வார வெள்ளையா இந்த வார வெள்ளையா என்று சொல்லிவிடுவார். அங்கே மாதிரிகள் எல்லாம் எண் போட்டுத்தான் வரும். எது எந்த டின் என்று அவருக்குத் தெரியக் கூடாது. கண் மட்டும்தான் பேச வேண்டும்.

வீட்டிலும் அதே விதி. ஒன்பது வருடத்துப் பழைய புரொஜெக்டரை மாற்றி ஃபோர் கே வாங்குவது என்று முடிவாகி ஆறு மாதம் ஆகிவிட்டது. அந்த ஆறு மாதமும் ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு மனைவி இங்கே தனியாக உட்கார்ந்திருப்பாள். கலர் சார் அடுத்த அறையில் லூமென்ஸ், கான்ட்ராஸ்ட் என்று மதிப்புரைகளைப் படித்துக்கொண்டிருப்பார். கடைசியில் கடைக்காரர், "ரெண்டையும் வீட்டுலயே போட்டுப் பாருங்க, பிடிச்சதை வெச்சுக்குங்க," என்று லேசர் ஒன்றும் விளக்கு வைத்தது ஒன்றும் அனுப்பிவைத்தார்.

பெட்டிகள் வந்திறங்கிய வியாழக்கிழமை மனைவிக்கு விடுமுறை. தொழிற்சாலையிலிருந்து கலர் சார் போனிலேயே உத்தரவு போட்டார். "மாட்டி முடிச்சதும் பின்னாடி கறுப்புப் போர்வையைக் கட்டி மறைச்சிடு. ரிமோட் உன்கிட்டயே இருக்கட்டும். எது எதுன்னு என்கிட்ட மூச்சு விடாதே."

"சரிங்க," என்றாள்.

அன்று மாலை ஜன்னல் திரைகளை இழுத்து விட்டுப் படத்தைப் போட்டாள். புல்வெளியில் ஒரு வெள்ளைக் குதிரை ஓடியது.

"இது ஒண்ணு," என்றாள். இரண்டு நொடி இருட்டு. மறுபடி குதிரை. "இது ரெண்டு."

கலர் சார் பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார்.

இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

"என்ன மாமா, எது தேவலை?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினன் கேட்டான். "ஃபேக்டரியில உங்க வேலைக்கு மெஷின் வருதாமே? உங்க கண்ணா மெஷினான்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும்!"

அந்த மெஷின்தான் கலர் சாரின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. நிறம் அளக்கும் கருவி. திங்கட்கிழமை அதற்கும் அவர் கண்ணுக்கும் போட்டி. இந்த நேரத்தில் 'தெரியவில்லை' என்று எப்படிச் சொல்வது?

"ஒண்ணாம் நம்பர் வெள்ளையில லேசா பாலாடை நிறம் கலந்திருக்கு," என்றார் மிடுக்காக. "ரெண்டுல அது இல்லை. சுத்தமான வெள்ளை."

"கரெக்ட் மாமா! நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். ரெண்டுல குதிரையோட பிடரி முடியை எண்ணிடலாம் போலிருக்கு!"

கலர் சார் ஓரக்கண்ணால் அவனைப் பார்த்தார். டியூப் லைட்டுக்கும் நிலாவுக்கும் வித்தியாசம் தெரியாத இவனுக்கே தெரிகிறதா?

"இன்னொரு தடவை போடவாங்க?" என்றாள் மனைவி, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து.

"போடு."

பதினோரு தடவை போட்டாள். முழுப் படமும் ஓடி முடிந்தது. பின்னால் திரும்பக் கூடாது என்ற விதிப்படி, அறையை விட்டுப் பின்பக்கமாகவே நடந்து போன கலர் சார் ஸ்டூலில் இடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் உதவியாளர் இரண்டு மாதிரிகளை நீட்டினார். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. நேற்றும் இப்படித்தானே தெரிந்தது என்ற பயத்தில், "இடது பக்கம் மஞ்சள் ஓடுது. நிறுத்துங்க," என்றார்.

"சார், ரெண்டும் ஒரே டின்," என்றார் உதவியாளர். அவர் பார்வை மூலையில் பிரிக்காமல் இருந்த மெஷின் பக்கம் போய் வந்தது.

சனிக்கிழமை காலை யாருக்கும் சொல்லாமல் கண் டாக்டரிடம் போனார். பலகையில் கடைசி வரியைப் படித்தார். அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் முகவரியையும் படித்தார்.

"இந்த வயசுல இப்படி ஒரு கண்ணா! என் கண்ணை விட நல்லா இருக்கே சார்," என்றார் டாக்டர்.

"அப்போ மூளையில ஏதாவது இருக்குமா டாக்டர்?"

டாக்டர் பேனாவை மூடினார். "வீட்டுல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

வீட்டில் எல்லாம் மிக நன்றாகவே இருந்தது. தினமும் மாலையில் ஒரு முழுப் படம். சனிக்கிழமை அவர் குழப்பத்தில், "பாலாடை ரெண்டுலதான்," என்று மாற்றிச் சொல்ல, "அதானே, நானும் முதல்லயே நினைச்சேன்!" என்று மச்சினனும் கூடவே மாறினான். மனைவி அவர் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் மட்டும் தன் உள்ளங்கையை முகத்துக்கு அருகே கொண்டுவந்து, நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மதியம் படம் ஓடிக்கொண்டிருந்தபோதே அவரால் தாங்க முடியவில்லை. மறுநாள் போட்டி.

"இங்க பாரு," என்று மனைவியின் கையைப் பிடித்தார். "நான் மூணு நாளா உன்கிட்ட பொய் சொல்லிட்டு இருக்கேன். பாலாடையும் இல்லை, ஒண்ணும் இல்லை. எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது. கண் டாக்டரைக்கூடப் பார்த்துட்டு வந்துட்டேன். நாளைக்கு நானே வேலையை விட்டுடறேன்னு எழுதிக் கொடுத்துடலாம்னு இருக்கேன்."

"ஐயையோ, டாக்டர்கிட்ட போனீங்களா?" மனைவியின் முகம் வெளுத்தது. எத்தனை வெளுத்தது என்பதை மட்டும் அவர் கண் மிகச் சரியாகக் கணித்தது. "என்னங்க... நான் உங்ககிட்ட ஒண்ணு..."

அழைப்பு மணி அடித்தது. மச்சினன் போய்க் கதவைத் திறந்தான். கருவிப் பையும் ஏணியுமாகக் கடையின் மெக்கானிக் உள்ளே வந்தார்.

"வாங்க," என்றார் கலர் சார் சோர்வாக, திரையைப் பார்த்தபடியே. "ஒண்ணாம் நம்பரைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க. ரெண்டாம் நம்பர் இருக்கட்டும்."

"ரெண்டாம் நம்பர்தான் சார் பெஸ்ட்! நான் அடிச்சுச் சொல்றேன்," என்றான் மச்சினன் மெக்கானிக்கிடம்.

மெக்கானிக் போர்வையை விலக்கிப் பார்த்தார். மேலே எரிந்துகொண்டிருந்த பழைய புரொஜெக்டரைப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"எதைக் கழட்டச் சொல்றீங்க சார்? ரெண்டு பெட்டியும் சீல்கூடப் பிரிக்காம அப்படியே இருக்கு. மேடம்தானே அன்னிக்குப் போன் பண்ணி, 'எங்க வீட்டுக்காரர் ஆறு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் என் பக்கத்துல உட்கார்ந்து படம் பார்க்கப் போறாரு, ஞாயித்துக்கிழமை வரைக்கும் மாட்ட வந்துடாதீங்க'ன்னு சொன்னாங்க?"